நாலு பத்து

நாலு பத்துக்கு முதல் மணி.
நாலு பதினேழுக்கு இரண்டாவது.
நாலு இருபத்தொன்றுக்குச் சேவல்.
சாட்ஸ்வர்த் ஐந்தாம் யூனிட்டில்
நான் கேட்ட ஒரே சேவல்
என் போனுக்குள் அடைபட்டிருப்பது.
அதன் கழுத்தைக் கட்டைவிரலால் நெரித்துவிட்டுப்
புரண்டு படுப்பேன்.

ஜூன் மாதம் டர்பனிலும் குளிரும்.
கேப்டவுன்காரர்கள் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.
அவர்கள் என் போர்வைக்குள் வந்து பார்த்ததில்லை.

கடிகாரம் ஒன்று வாங்கிச்
சமையலறையில் வைத்துப் பார்த்தேன்,
எவர்சில்வர் குண்டானுக்குள்,
நான்கு கரண்டிகளோடு.
காலையில் கடிகாரம் என் தலையணைக்கடியில்.
கரண்டிகள் அடுக்கில், துடைத்து வைத்தபடி.
யார் செய்தது என்று கேட்காதீர்கள்.
இந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

பகலெல்லாம் என் வேலை என்ன தெரியுமா?
ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையில்
புதுக் கார்கள் கத்துகின்றனவா என்று பார்ப்பது.
கதவு மூடவில்லையா, கத்த வேண்டும்.
பெல்ட் மாட்டவில்லையா, கத்த வேண்டும்.
கத்தாத காருக்குச் சிவப்பு ஸ்டிக்கர்.
"சிவெந்திரன், உனக்குத் தங்கக் காது"
என்பார் மேற்பார்வையாளர் ம்கிசே.
இரவானால் அந்தத் தங்கம்
அடகுக் கடைக்குப் போய்விடுகிறது.

எங்கள் தெருவில் எல்லாம் இரட்டை வீடுகள்.
நடுவில் ஒரே சுவர், ஒற்றைச் செங்கல் கனம்.
அந்தப் பக்கம் கோகிலாம்பாள்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை முடித்து
இரண்டரைக்கு வந்து மூன்றுக்குப் படுப்பவள்.
என் மணி நாலு பத்துக்கு அவளைத்தான் எழுப்பியது.
ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம்.
எட்டாம் நாள் சுவரே இடிகிறது என்று நினைத்தேன்.
தோசைக் கரண்டியோ செருப்போ முழங்கையோ,
டம் டம் டம்.
"டேய், உன் கடிகாரத்துக்கு எழுந்திரிக்க
எனக்கா சம்பளம் தர்றான்!"

அது கேட்டது.
என்ன மாயமோ, அது மட்டும் கேட்டது.

முசாவின் டாக்சி முனையில் நின்று
இரண்டு முறை ஹாரன் அடித்து
"வூகா!" என்று அவன் கத்தியபோது
நான் அங்கே ஏற்கெனவே நின்றிருந்தேன்,
காலில் இருந்த ஷூ இரண்டும் ஒரே ஜோடி.
வூகா என்றால் ஜூலுவில் எழு.
நம் ஊக்கத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும்.
எனக்கு இரண்டு பேருமே தூரத்து உறவு.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.
மணி அவளை எழுப்பும், அவள் என்னை.
வெட்கமாகத்தான் இருந்தது.
வெள்ளிக்கிழமை ஒரு டப்பா சமோசா
வேலியில் மாட்டிவைப்பேன்.
டப்பா கழுவித் திரும்பி வரும்.
பேச்சு கிடையாது.

மின்வெட்டு நீண்ட ஓர் இரவில்
போன் செத்துக் கிடந்தது.
குண்டான் கடிகாரம் எப்போதோ நின்றுபோனது.
ஆனாலும் சுவர் தட்டியது,
இந்த முறை மெதுவாக,
மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்பதுபோல.
இருட்டில் கிடந்து நினைத்துக்கொண்டேன்:
என்னால் தூக்கம் கெட்ட ஒருத்தி
என் வேளைக்குத்
தானாக விழிக்கப் பழகிவிட்டாள்.

நேற்று ஞாயிறு. மணி வைக்கவில்லை.
கண் தானே திறந்தது, நாலு ஒன்பதுக்கு.
கூரைமேல் ஹடீடாக்கள்கூட
இன்னும் சண்டையைத் தொடங்கவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஒரு மணி அடித்துக்கொண்டிருந்தது.
நின்றது. மறுபடி அடித்தது.
இந்த வாரம் அவளுக்குக் காலை ஷிஃப்டோ,
அணைக்க மறந்துபோனதோ.
விரல் முட்டியை மடக்கிச் சுவரில் வைத்தேன்.
ஜில்லென்று இருந்தது.
பாவம், என்னால் எத்தனை நாள் எழுந்தவள்.
ஐந்து நிமிடம் போகட்டும் என்று விட்டேன்.
எனக்காக இல்லை,
அவளுக்காகத்தான் அந்த ஐந்து நிமிடம்.

விழித்தபோது எட்டே முக்கால்.
கை இன்னும் சுவரிலேயே.
அந்தப் பக்கம்
அவசரமாகப் பாத்திரம் உருளும் சத்தம்.
நடுவே, என் பெயரைச் சொல்லி
ஒரு வசவு.