இடது கைச் சுண்டுவிரல்

விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில்
ஒரு கட்டம்: 'ஏழைக் குடும்பம்.'
பக்கத்தில் இன்னொன்று: 'ஏழ்மைக்கு அருகிலுள்ள குடும்பம்.'
போன வருடம் வரை முதல் கட்டத்தில் குடியிருந்தோம்.
அப்பா பழைய ஹோண்டா ஒன்றைத் தவணைக்கு வாங்கினார்.
கணக்கெடுக்க வந்தவர் அதற்குப் புள்ளி போட்டார்,
மின்விசிறிக்கும் போட்டார்.
இரண்டாம் கட்டத்துக்குக் குடிபெயர்ந்தோம்
ஒரு சாமானையும் தூக்காமல்.

அந்த ஹோண்டாவில்தான் அப்பா சைகோன் போனார்
கம்பி கட்டும் வேலைக்கு.
வண்டி இங்கே இல்லை. புள்ளி இருக்கிறது.

பெயர்: காவ் தி தோம். வயது பதினேழு.
சராசரி: பத்துக்கு ஒன்பது புள்ளி நான்கு.
இந்தப் புள்ளி ஏற வேண்டும், அந்தப் புள்ளி இறங்க வேண்டும்,
ஒரே வீட்டில், ஒரே விளக்கின் கீழ்.

'உங்கள் சூழலை ஐந்நூறு சொற்களுக்குள் எழுதுக.'
போன முறை உதவித்தொகை வாங்கிய ஞுங் சொன்னாள்:
கூரை ஒழுகுவதை எழுது, அவர்களுக்குக் கூரை பிடிக்கும்.
எங்கள் கூரை ஒழுகாது.
கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு முழுக்க
அப்பா மேலே உட்கார்ந்து தகரத்துக்கு ஆணி அடித்தார்.
ஐந்நூறு சொல்லுக்காக அந்த ஆணிகளைப் பிடுங்க
எனக்குக் கை வரவில்லை.

அதனால் முந்திரியை எழுதினேன்.
பூ தாங்கில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முந்திரிதான்.
வேகவைத்த கொட்டையைக் கத்திக்கு நடுவே வைத்து
மிதிகட்டையை அழுத்தினால் பிளக்கும்.
பருப்பு ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம்,
இடையில் கருப்பாய் ஓர் எண்ணெய், தோலைத் தின்னும்.
கையுறை போட்டால் வேகம் குறையும்.
கூலி கிலோவுக்கு.
அம்மாவின் பெயர் ஞான். எங்கள் மொழியில்
ஓய்வு என்று அர்த்தம். அதை எழுதவில்லை.
சிரிப்பு வந்தால் மதிப்பெண் உண்டா என்று தெரியவில்லை.

சரிபார்க்க இருவர் வந்தார்கள், நனைந்த மழைக்கோட்டுடன்.
அதற்குள் அம்மா
பக்கத்து வீட்டிலிருந்து நான்கு சிவப்பு நாற்காலி,
எதிர்வீட்டிலிருந்து தேநீர்க் குடுவை,
கல்யாணத்துக்குப் போகும் சட்டை,
தட்டு நிறையப் பலாச்சுளை.
நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்:
நாற்காலிக்கும் புள்ளி போடுவார்கள்.
அவள் கேட்டாள்: வந்தவர்களை நிற்கவைத்தா
நம் ஏழ்மையைக் காட்டுவது?

என் கட்டுரையைப் படித்திருந்த பெண்
கைகளை ஒரு படம் எடுக்கலாமா என்றாள்.
அம்மா சிரித்தபடி இரண்டு கையையும்
தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.
பலா சாப்பிடுங்கள், என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.
படம் இல்லாமல் பணம் போய்விடுமோ என்று அல்ல.
சரி, அதுவும்தான்.
ஆனால் கேட்காமல் அந்தக் கைகளை
முதலில் எடுத்துக் கொடுத்தவள் நான்.

ஏழு வாரம் கழித்துக் கடிதம் வந்தது.
வருடத்துக்கு இரண்டு தவணை.
சராசரி எட்டுக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும்.
எனக்குப் பதினெட்டு ஆகாததால்
கணக்கு அம்மா பெயரில்.

வங்கியில் விரல் வைக்க ஒரு சின்னக் கண்ணாடி.
வலது கட்டைவிரல். மீண்டும் முயலவும்.
ஆட்காட்டி விரல். மீண்டும் முயலவும்.
ஊழியன் கண்ணாடியைத் துடைத்தான்,
பிறகு அவள் விரலைத் துடைத்தான்,
பிறகு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.
பின்னால் வரிசை இருமியது.
எட்டு விரல், ஒன்பது விரல்.
கடைசியாக இடது கைச் சுண்டுவிரல்,
கொட்டையைப் பிடிக்கும்போது மட்டும்
பணக்கார வீட்டுப் பெண்போல ஒதுங்கி நிற்பது.

பச்சை விளக்கு.
போதும் அக்கா, எடுக்கலாம், என்றான்.
அம்மா இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

பேருந்துக்குக் காத்திருக்கும்போது கேட்டாள்:
அந்த ஐந்நூறு சொல்லை எனக்கு வாசித்துக் காட்டேன்.
நகல் இல்லை என்றேன்.
பைக்குள் இருந்தது.