த்தூ

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டுத் தரையில்
கொலுசு முத்து உருண்டு கிடக்கும்,
கடுகளவு வெள்ளி.
என் கண்ணுக்குத் தப்பியது
பதினான்கு மாதப் பூவிகாவுக்குத் தப்பாது.

நேற்று அவள் வாயிலிருந்து நான் தோண்டியவை:
பாதி பஸ் டிக்கெட்,
செருப்பு வார்,
எதிர்வீட்டு ரெஜினாக்காவின் ஸ்கூட்டி சாவி.
சாவியை விடுவதற்குள்
என் சுண்டுவிரலையும் ருசி பார்த்துவிட்டாள்.

இன்று பட்டறையை மாடிக்கு ஏற்றினேன்.
ஜவ்வரிசியைக் குழைய வேகவைத்து
பீட்ரூட் சாற்றில் கொஞ்சம்
மஞ்சளில் கொஞ்சம்
தாம்பாளம் நிறையக் கொட்டி,
"தின்னு, பிசை, பூசிக்கோ,
தொண்டையில் சிக்காது சாமி" என்றேன்.

ஒரு விரல் வைத்துப் பார்த்தாள்.
தாம்பாளத்தின் விளிம்பைக் கடித்தாள்.
அப்புறம் முழங்கைவரை இறங்கி
அள்ளினாள், அள்ளினாள்,
தரைக்கு, தலைக்கு,
என் சட்டைப் பைக்கு.
ஒரு முத்துகூட அவள் வாய்க்குள் போகவில்லை.

துடைக்கக் குனிந்தேன்.
கொழகொழத்த இரண்டு விரல்
என் உதட்டை விலக்கி
ஒரு சிவப்பு முத்தை உள்ளே வைத்தது.
உடனே முகம் இறுகி
என் தாடைக்குக் கீழே உள்ளங்கையை நீட்டி,
"த்தூ" என்றாள்,
அப்படியே என் குரல்.

நான் விழுங்கிவிட்டிருந்தேன்.