மூன்றின் மூடி

நீவா வண்டி டக்டக்கென்று பட்டறைக்குள் நுழைந்தபோது
கியூம்ரியில் மைனஸ் பத்தொன்பது.
கருங்கல் சுவரில் உறைபனி முள்முள்ளாய் நின்றது.
டாக்டர் நுனே எஞ்சினை நிறுத்தவில்லை.
"எல்லாரும் பெட்ரோல் மட்டம் என்கிறார்கள்.
அது பெட்ரோல் இல்லை."

மாட்டுக்கு வைக்கும் ஸ்டெதாஸ்கோப்பை
பிளாக்கின் விலாவில் வைத்தார்,
முன்னிருந்து பின்னாக, நான்கு இடத்தில்.
மூன்றாவதில் நின்றுவிட்டார்.
"உள்ளே கன்று உதைக்கிறது."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அன்றிரவே ஹெட்டைத் தூக்கி, சம்பைக் கழற்றி,
சுத்தியல் பிடியால் கீழிருந்து தட்டித் தட்டி
பிஸ்டன்களை மேலே வாங்கினேன்.
ஆயில் ரிங்குகள் கரியில் இறுகிப்போய்
விரலால் தள்ளினாலும் அசையவில்லை.
நீலப் புகையின் கணக்கு அங்கே தீர்ந்தது.
உதையின் கணக்கு தீரவில்லை.

ராடுகளை மண்ணெண்ணெயில் கழுவினேன்.
ஒவ்வொரு ராடின் பக்கத்திலும் ஓர் எண்,
அதன் மூடியிலும் அதே எண்.
இரண்டையும் முடுக்கிச் சேர்த்துவைத்துத்தான்
தொழிற்சாலையில் துளை கடைவார்கள்.
பார்க்க எல்லா மூடியும் ஒன்றுதான்.
ஒன்றின் வட்டம் இன்னொன்றுக்கு வட்டம் இல்லை.

இரண்டாம் ராடில் மூன்றின் மூடி.
மூன்றாம் ராடில் இரண்டின் மூடி.

இந்த எஞ்சினை இதற்கு முன் திறந்தது ஒரே ஆள்.
போன மார்ச்சில், கரண்ட் போன ராத்திரி,
செல்போனைப் பல்லில் கவ்விக்கொண்டு
நான்கு மூடிகளையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவிய ஆள்.
முடுக்கிய நட்டு ஒவ்வொன்றிலும் பச்சைப் பெயிண்டால்
ஒரு கோடு இழுப்பது அந்த ஆளின் வழக்கம்.

பெயிண்ட் டப்பா என் அலமாரியில்தான் இருக்கிறது.

மூடிகளைச் சரியாக மாற்றிப் போட்டுவிட்டு
பெட்ரோல்தான் என்று நானும் சொல்லியிருக்கலாம்.
பட்டறையில் அப்போது
ஹீட்டரும் நானும்தான்.

காலையில் சொன்னேன்.
அவர் கேட்டது ஒன்றே ஒன்று:
"இப்படியே எத்தனை கிலோமீட்டர்?"
"பதினோராயிரம்."
அவர் கண்கள் எதையோ எண்ணின.
அஷோட்ஸ்க் மேட்டில் பனிக்காற்று சாலையை அழித்த பிறகு
இரவு இரண்டு மணிக்கு
ஏதோ ஒரு தொழுவத்தைத் தேடிப் போன நாட்களாக இருக்கலாம்.
ராடு பிய்த்துக்கொண்டு பிளாக்கை உடைத்திருந்தால்
என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.
பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

பழைய சாமான் சந்தையில் இரண்டு ராடு வாங்கினேன், என் காசில்.
தராசில் வைத்து, உரசி, மறுபடி வைத்து
மற்ற இரண்டோடு எடையைச் சமமாக்கினேன்.
எண் குத்தும் அச்சை எடுத்தபோது
சுத்தியலை அவர் வாங்கிக்கொண்டார்.
இரண்டு நேராக விழுந்தது.
மூன்று கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அப்படியே விட்டோம்.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
புது ரிங் ஒவ்வொன்றையும் சிலிண்டருக்குள் தனியே இறக்கி
வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று
ஃபீலர் கேஜால் அளந்தேன்.
ஒரு பிஸ்டனுக்கு மூன்று ரிங்; மூன்று வாயும் மூன்று திசை.
ஒரே பக்கம் திரும்பினால் உள்ளே இருப்பது கசிந்துவிடும்.
பிஸ்டனுக்குள் வாசல்நிலை போல ஒரு ருஷ்ய எழுத்து,
அது வண்டியின் மூக்கைப் பார்க்க வேண்டும்.
"பார்க்கிறதா?"
"பார்க்கிறது."
"இரண்டு இரண்டோடா?"
"இரண்டு இரண்டோடு."
"மூன்று?"
"மூன்று மூன்றோடு."
டார்க் ரெஞ்ச் டிக் என்றது, எட்டு தடவை.
எட்டு தடவையும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிராங்கைக் கையால் சுற்றினேன்.
கனமாக, எங்கும் தடுக்காமல்
முழுச் சுற்று வந்து நின்றது.

தேய்ந்து எஃகு தெரிந்த பழைய பேரிங் ஓடு ஒன்றை
கோட் பையில் போட்டுக்கொண்டார்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
"முதல் ஆயிரம் கிலோமீட்டர் விரட்டாதீர்கள்" என்றேன்.
கதவைச் சாத்திக்கொண்டே சொன்னார்:
"அதை மாட்டிடம் சொல்லுங்கள்."