இருப்பு 0.6

இரவு இரண்டே முக்கால்.
த்ரியெஸ்தே நகருக்கு மேலே, சுண்ணாம்புப் பாறைமேட்டில்
வட்டமாய் ஓடும் எலக்ட்ரான்களுக்கு உறக்கமில்லை,
நெவியாவுக்கும்.
போரா காற்று கூரைத் தகட்டைப் பிடித்து
உலுக்கிக்கொண்டிருக்கிறது.
துயிலியோ என்று பெயர் வைத்தும்
துயில் வராதவன் ஒருவன் துணைக்கு.

முட்டையின் வெள்ளைக்கருவில் எடுத்த புரதம்,
உப்புக்கல் அளவுகூட இல்லாத படிகம்.
நாலு நாள் மருந்தில் ஊறிக் கிடந்தது.

திரையில் நீல வலை.
பதினைந்தாவது கண்ணி ஹிஸ்டிடின்;
அதன் விளிம்பில் ஒரு கட்டி வெளிச்சம்.
பிளாட்டினம்.
குளோரைடு இரண்டையும்
வாசலில் செருப்பைப் போலக் கழற்றிவிட்டு
நைட்ரஜனின் கையைப் பற்றி
உட்கார்ந்தே விட்டது,
வந்த வேலையை மறந்த விருந்தாளி.

அதற்குச் சொல்லியனுப்பிய முகவரி மரபிழை.
ஆனால் இரத்தத்தில் இறங்கியதுமே
அல்புமின் கூப்பிடும்;
கந்தகத்தைக் கண்டால் அதற்குக் கால் நகராது.
நூறு புறப்பட்டால்
ஒன்றோ இரண்டோ போய்ச் சேரும்.

"மிச்சம் எங்கே போகும்?"
மார்ச்சில், மூன்றாம் சுற்று முடிந்து
நாக்கில் சாவியின் ருசியோடு துயிலியோ கேட்டான்.
"சிறுநீரில்," என்றாள்.
பொய்யில்லை. முழுசும் இல்லை.

திரவ நைட்ரஜன் தீர்கிறதென்று
இப்போது கருவி கீச்சிடுகிறது,
ஊசி முனைக் குரலில்.
பதினொரு வருடமாய்
அதற்கு முதலில் எழுபவன் அவன்.
முதுகு காட்டி ஆரஞ்சு உரிக்கிறான்.
தோல் அறாமல் வருகிறது,
ஒரே சுருள், நத்தைக்கூடு மாதிரி.

அவளே போய் வால்வைத் திறந்தாள்.

திரும்பினால் ஒரு கட்டம் கேட்கிறது:
அணுவின் இருப்பு எவ்வளவு?
ஒன்று என்றால் எங்கும் இருக்கிறது.
பூச்சியம் என்றால் இல்லவே இல்லை.
0.6 என்று தட்டினாள்.
பத்தில் ஆறு இடத்தில் குடியிருக்கிறது,
நாலில் வெறும் தண்ணீர்.
கூட வந்த அமோனியாவில் ஒன்று தெரிகிறது.
மற்றது மங்கல்.
தெரியாததை வரையக் கூடாது; வரையவில்லை.

"என்ன கிடைத்தது?"
சத்தமாகக் கேட்கிறான்,
இப்போதெல்லாம் அப்படித்தான்.

"நீ கேட்ட மிச்சம்."
"என்னது?"
திரையில் விரலை வைத்தாள்.

ஒரு சுளையை மென்று முடிக்கும்வரை பார்த்தான்.
"பாவம்," என்றான்,
"அந்தக் கோழிக்கு என்ன வியாதியோ."