பாதை

கிட்டங்கியைத் தாண்டும்போதே கச்சான்
நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது.
"இறங்கி நடப்பமா?" என்றாள் ஜெயரூபி.
இறங்கினோம்.
போயா லீவில் யாருக்கு என்ன அவசரம்.

வாய்க்கால் கட்டு நேரே போகிறது,
முடிகிற இடம் தெரியவில்லை.
சிறுபோக வேளாண்மை இரண்டு பக்கமும்.
இந்த வட்டையில் ஏற்றமென்றால்
மதகின் முதுகு மட்டும்தான்.
அதில் ஏறவும் அவள் மணியடித்தாள்.
நின்ற கொக்கு
சலித்துக்கொண்டு ஓரடி தள்ளி நின்றது.

பிறகு வயல் விட்டுப்போனது.
நாயுண்ணிப் பற்றை, காய்ந்த புல்,
கிரவலில் மாட்டுக் குளம்படி.
ஆட்காட்டி ஒன்று எங்களைப் பற்றி
வெளியெங்கும் முறையிட்டுத் திரிந்தது.
என் செயின் கழன்றது, மூன்றாம் தரம்.
மாட்டிவிட்டு
கறுத்த விரலால் மாரி பிஸ்கட் தின்றேன்,
எண்ணெய் ருசியும் சேர்த்து.

மண்டூர்த் துறைக்கு வர வெயில் சரிந்துவிட்டது.
"பாதை அக்கரையில நிக்குது" என்றார்
தூண்டிலோடு குந்தியிருந்தவர்.

ஆளையும் சைக்கிளையும் ஏற்றி
வாவியைக் கடக்கும் அந்த மிதவைக்கு
எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.
காலையிலிருந்து பாதையை மிதித்து வந்தவர்கள்
இப்போது சும்மா நின்றோம்,
பாதை எங்களிடம் வரட்டும் என்று.

வந்தது.
மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில்
எங்கள் இரண்டும் ஒன்றிலொன்று சாய்ந்துகொண்டன.
நடு வாவியில்
அதே கச்சான் முதுகைத் தள்ளியது.
ஜெயரூபி பெடலைப் பின்னோக்கிச் சுற்றினாள்,
கிரிகிரியென்று, ஒன்றுக்கும் இல்லை.
குருமண்வெளி
தானாகக் கிட்ட வந்தது.