வத்தம்

உம் அல் குவைன் காயலுக்குள் நுழைந்தபோது
ஷமால் மூன்றாம் நாளாக வீசிக்கொண்டிருந்தது.
ஷமால் என்றால் வடக்கு. வாடை என்றாலும் வடக்கு.
பெயர் வைத்தவர்கள் இரு கடலோரத்திலும்
ஒரே பக்கம் பார்த்துக் கண்ணைச் சுருக்கியிருக்கிறார்கள்.

படகு எங்களுடையதல்ல.
துபாயில் ஒருவர் வாங்கி
இரண்டே முறை ஏறிய படகு.
பெயிண்ட் அடிக்க இங்கே சேர்க்க வேண்டும்.
சுக்கான் மாண்ட்வி ஜுசப்பிடம்,
இஞ்சின் என்னிடம்.
சில்ஹெட் பையன் தொஃபாயல்
லைஃப் ஜாக்கெட்டுக்கு மேல் லைஃப் ஜாக்கெட் மாட்டியும்
நடுங்கிக்கொண்டிருந்தான்.

ஆழமானி நாலு மீட்டர் என்றது.
மூன்று என்றது.
பிறகு வெறும் கோடுகளைக் காட்டியது.
ஜுசப் கண்ணாடியில் படிந்த உப்பை முழங்கையால் துடைத்து,
"பூநாரை" என்றார்.
நூறு இருக்கும்,
சாம்பல் நீரில் வெளுத்த ரோஜா நிறத்தில்.
அழகு என்று நான் நினைத்து முடிப்பதற்குள்
அவர் கியரைப் பின்னுக்கு இழுத்துவிட்டார்.
அத்தனையும் நின்றுகொண்டிருந்தன.
நிற்கிற பறவைக்கு
முழங்கால் வரைதான் தண்ணீர்.

மணல் தொட்டதில் சத்தமே இல்லை.
யாரோ தோளில் கைவைத்து நிறுத்தியது போல.

வத்தம்.
கண்டல் மரங்களின் கால்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.
படகு இடப்பக்கம் சரியத் தொடங்கியது.
தொஃபாயல் தட்டில் வைத்த கிளாசும் சரிந்தது.
உள்ளே தேநீர் சரியவில்லை;
அது மட்டும் தன் மட்டத்தில் நின்றது.

முதலாளி கூப்பிட்டார்.
"எங்கே?"
"காயலுக்குள் வந்துவிட்டோம்."
"கீறல் ஏதாவது?"
"இல்லை சார்."
இரண்டும் உண்மை.

இஞ்சினை ஓட்டினால் மணலை உறிஞ்சும்.
அணைத்துவிட்டு, மூடியைத் திறந்து,
மிச்சச் சூட்டில் மூன்று பேரும் கை நீட்டினோம்.
ஒரு மணி நேரத்தில் அதுவும்
எங்களைப் போலவே ஆகிவிட்டது.
ஜுசப் பேரீச்சம்பழக் கொட்டைகளைத் துப்பாமல்
வாயிலேயே வைத்திருந்தார்,
பல் மோதும் சத்தம் கேட்காமலிருக்க.
எனக்குக் கேட்டது.

இரவு இரண்டே முக்காலுக்குத்
தொஃபாயல் டார்ச் அடித்தான்.
கிளாஸ் நேராக இருந்தது.

எப்போது நிமிர்ந்தோம் என்று
மூவருக்குமே தெரியவில்லை.
வெளிச்சத்தைத் தண்ணீர் மேல் ஓட்டிப் பார்த்தோம்.
பூநாரை ஒன்றுகூட இல்லை.

"இப்போது போகலாம்" என்றார் ஜுசப்.