இறக்கையின் உட்புறம்

காந்தி வீதி ஞாயிறு சந்தையில்
மூடியில்லாத மிக்சிக்குப் பக்கத்தில்
ஒரு மிராஜ், பெட்டியோடு. நூற்றைம்பது என்றான்.
யாரோ ஒரு சொல்தா வீட்டைக் காலி செய்தபோது வந்ததாம்.

அறுபத்திரண்டு துண்டு.
விமானியின் தலை மட்டும் இல்லை.
பசை கல்லாகியிருந்தது.

பெட்டியில் ஒரு கம்பெனி.
இறக்கையின் உட்புறம் வேறொன்று:
அச்சின் இரும்பில் சுரண்டி அழித்தது
பிளாஸ்டிக்கில் மேடாகியிருக்கிறது.
விளக்கைச் சாய்த்தால் மூன்று எழுத்து மிச்சம்.
கடனிலோ கப்பலிலோ கைமாறிய அச்சு.
யார் வார்த்தாலும் அதே மூக்கு, அதே ஆணித்தலைகள்.
ஸ்டிக்கர் மட்டும் இரண்டு நாட்டுக்கு;
வேண்டியதை நனைத்துக்கொள்ளலாம்.

"எந்த நாட்டுது?" என்றான் எதியேன்,
விசா வரிசையிலிருந்து வந்த களைப்போடு.

புதுப் பசையைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன்.
இரு பாதியும் சேர்ந்துவிட்டால்
அந்த மூன்று எழுத்தைப் பார்க்க
உடைத்தால்தான் உண்டு.